நியமனமும் ஒப்புதலும்

பத்ருக் களத்தில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் பொருள் கொடுத்து மீள வகையற்றவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்த ஈட்டுத்தொகை யாதென்பதை நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிவர். எழுத்தறிந்த கைதி ஒவ்வொருவரும் மதீனத்துப் பிள்ளைகள் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தல் வேண்டும். கற்பித்து முடித்த அன்றே விடுதலை. ஆசிரியரின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு, அவ்விலையைக் காலந்தாழ்த்தாது கொடுத்துவிட வேண்டும் என்ற முறைமை அன்றே நம் வரலாற்றில் ஏறிவிட்டது.

ஊதியம் கொடுப்பவர் யார், ஆசிரியரைத் தெரிவு செய்பவர் யார் என்ற வினா அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் பக்தாதில் எழுந்தது. ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அங்கு எழுப்பிய நிஜாமிய்யா மத்ரஸா 1067ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. ஆசிரியருக்கு நிலையான ஊதியம், மாணவர்க்கு உணவும் உறையுளும். அனைத்தும் வக்ஃபுச் சொத்தின் வருவாயிலிருந்து. ஆனால் ஆசிரியரை நியமிக்கும் உரிமையையும் நீக்கும் உரிமையையும் அமைச்சர் தம்மிடமும் தம் வழியினரிடமுமே வைத்துக்கொண்டார். தலைமைப் பேராசிரியராக அழைக்கப்பெற்ற அபூ இஸ்ஹாக் ஷீராஸி, அக்கட்டடம் நேர்மையற்ற வழியில் வந்தது என்ற பேச்சைக் கேட்டுத் திறப்பு நாளன்று வரவே மறுத்துவிட்டார். இருபது நாள் வேறொருவர் பாடம் நடத்திய பிறகே அவர் இசைந்தார் என்பர். 1091இல் அதே அமைச்சர் இமாம் கஸ்ஸாலியை அங்கு நியமித்தார். நியமிக்கும் கை நல்லதாயிருந்தால் கஸ்ஸாலி வருவார். அந்தக் கை மாறினால் யார் வருவார் என்பதை யாரே அறிவார்!

நம் நாட்டில் இவ்வினா நீதிமன்றப் படியேறிய வரலாற்றை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நீதிமன்ற மொழி நம் குடும்பங்களுக்குப் பழக்கமற்றது. ஆயினும் அம்மொழியில் எழுதப்பட்ட சில வரிகளே ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்த ஆசிரியர் இருப்பாரா, இருந்தால் அவருக்குச் சம்பளம் வருமா என்பதைத் தீர்மானித்து வந்திருக்கின்றன.

1854ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த உட் என்பவரின் கல்வி அறிக்கையே இந்தியாவில் மானிய முறைக்கு அடிகோலியது. அரசு தானே எல்லாப் பள்ளிகளையும் நடத்துவது இயலாது. தனியார் நடத்தட்டும், அரசு ஒரு பங்கு பணம் தரட்டும், தந்த பணத்துக்காக வந்து பார்வையிடட்டும் என்பது அதன் சாரம். இவ்வாய்ப்பைக் கிறிஸ்தவத் திருச்சபைகள் உடனே பற்றிக்கொண்டன. இராயப்பர் என்னும் புனித பேதுருவின் பெயரையே தாங்கி நிற்கும் ராயபுரத்தில் அச்சபைகளின் பள்ளிகள் தலைமுறை பல கண்டவை. நம் பிள்ளைகளும் அங்கே படித்து ஆளானார்கள். நாம் பின்தங்கினோம். 1872இல் ஹோபர்ட் பிரபுவின் சென்னை அரசு முஸ்லிம்களின் கல்வி குறித்துத் தனி உத்தரவு பிறப்பிக்கும் அளவுக்குப் பின்தங்கியிருந்தோம். 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் முஸ்லிம் பள்ளிகளுக்குத் தாராளமாக மானியம் தரப் பரிந்துரைத்தது. பின்னரே வணிகப் பெருமக்களும் ஜமாஅத்தினரும் மக்தபுகளை அடுத்து அங்கீகாரம் பெற்ற பள்ளிகளை எழுப்பத் தலைப்பட்டனர். காலையில் தீனியாத், பின்னர் அரசின் பாடத்திட்டம் என்ற அமைப்பு உருவாயிற்று.

வடசென்னையின் இயல்பையும் இங்குச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1856இல் தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலை, 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, அறுபதுகளின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் என்று கடலோரம் நெடுகப் புகைபோக்கிகள் எழுந்தன. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்து மண்ணடியில் கடை வைத்தவர்கள் ஒருபுறம். மூட்டை தூக்கியும் பழைய இரும்பு பிரித்தும் வயிறு வளர்த்தவர்கள் மறுபுறம். கட்டணப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப இயலாத இந்த இரண்டாம் வகையினரே உதவிபெறும் பள்ளியின் உண்மையான உரிமையாளர்கள் என்பேன். மேலும் ஒரு வேடிக்கை: ராயபுரம் சென்னை மாவட்டத்தில், திருவொற்றியூரும் கத்திவாக்கமும் முன்னர்ச் செங்கல்பட்டு மாவட்டத்தில், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில். 2011இல் அவ்விரண்டும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. வருவாய் மாவட்ட எல்லை 2018இல்தான் நகர்ந்தது. ஒரே கடற்கரைச் சாலையில் அமைந்த பள்ளிகள் வெவ்வேறு மாவட்ட அலுவலகங்களுக்குக் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தன.

அந்தக் கோப்பு யாது? உதவிபெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். கல்வியாண்டின் இடையில் வயது நிறைந்தாலும் மே 31 வரை அவரைப் பணியில் வைப்பது நம் மாநில வழக்கம். ஆகவே ஜூன் முதல் நாள் நாற்காலி காலி. பள்ளிக் குழு கூடி, தகுதியுடைய ஒருவரைத் தெரிவு செய்கிறது. தாளாளர் நியமன ஆணை தருகிறார். ஆசிரியர் அன்றே கரும்பலகை முன் நின்றுவிடுகிறார். ஆனால் அவருக்குச் சம்பளம் அரசின் மானியத்திலிருந்து வர வேண்டும். அதற்குக் கல்வி அலுவலர் அந்நியமனத்தை ஒப்புதல் செய்தல் வேண்டும். கோப்பு போகிறது. குறை கண்டு திரும்புகிறது. மீண்டும் போகிறது. ஆகஸ்டு முதல் நாள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு செய்யப்படும் பணியிட நிர்ணயத்தில் ஓர் இடம் உபரி என்று வந்துவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். 1997 டிசம்பரில் வெளிவந்த 525ஆம் எண் அரசாணை நாற்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை வகுத்தது. கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் தொடக்க வகுப்புகளுக்கு முப்பது, நடுநிலைக்கு முப்பத்தைந்து என்றாயிற்று. இதற்கிடையில் ஆசிரியர் மட்டும் நிற்காமல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். நிருவாகம் வசதியுடையதாயின் சிறு தொகை கொடுக்கும். இல்லையேல் மாலை நேரத் தனிப்பயிற்சிதான் அவர் அடுப்பை எரிக்கும்.

சட்டத்தின் கதை 1958இல் தொடங்குகிறது. கேரளத்தின் முதல் பொதுவுடைமை அமைச்சரவை கொண்டுவந்த கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களைத் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும் என்பது அம்மசோதாவின் ஒரு பிரிவு. தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான ஏழு நீதிபதிகளின் அமர்வு, அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குத் தந்த உரிமை மெய்யான உரிமையே என்றது. ஆயினும் சீர்கெட நடத்தும் உரிமை அதில் அடங்காது என்றும் சொல்லிவைத்தது. பள்ளியையே அரசு எடுத்துக்கொள்ள வழிவகுத்த பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை வீழ்ந்தன. ஆசிரியர் நியமனம் பற்றிய பிரிவோ நிருவாக உரிமையை ஆழமாய்த் தொடுகிறது என்று சொல்லிக்கொண்டே, மானியம் பெறும் பள்ளிக்கு அது பொறுக்கத்தக்கது என்று விடப்பட்டது. நம்மவரான நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர் அங்கீகாரம் பற்றிய ஒரு கூறில் மாறுபட்டுத் தனியே எழுதினார். மானியம் வாங்கினால் எவ்வளவு வளைய வேண்டும் என்ற வினாவுக்கு அன்று கிடைத்தது அரை விடைதான். அந்த அரை விடையே அறுபது ஆண்டு வழக்குகளுக்கு வித்து.

நிருவாகங்களின் உரிமையைப் பேசுவோர் வசதியாக மறந்துவிடும் ஒரு வழக்கு உண்டு. அது தமிழ்நாட்டிலிருந்து சென்றது. புனித அலோசியஸ் உயர் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாய் இருந்த ஓர் அம்மையார் பதவி இறக்கப்பட்டார். மானிய விதிகள் தமக்குப் பாதுகாப்புத் தருகின்றன என்று அவர் வழக்கிட்டார். 1971இல் உச்ச நீதிமன்றம், அவ்விதிகள் சட்டத்தின் வலுவுடையன அல்ல, அவை அரசுக்கும் நிருவாகத்துக்கும் இடையிலான ஏற்பாடு, மூன்றாமவரான ஆசிரியை அவற்றைக் காட்டி உரிமை கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. மூன்றாமவர்! பள்ளியின் முழு நாளும் எவர் தோளில் நிற்கிறதோ அவர் மூன்றாமவர்.

1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (முறைப்படுத்தும்) சட்டம் இந்தக் குறையை நீக்க வந்ததாகவே கொள்ள வேண்டும். பள்ளிக் குழு அமைதல், ஆசிரியரின் தகுதி, தண்டனைக்கும் நீக்கத்துக்கும் முறை, மேல்முறையீடு என்று பலவற்றை அது வகுத்தது. 1974 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்னதாக, 1974 ஏப்ரலில், அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகளின் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியிருந்தது. ஆசிரியரைத் தெரிந்தெடுப்பது நிருவாக உரிமையின் உயிர்நாடி. தகுதியை அரசு வகுக்கலாம், ஆளைக் குறிக்கலாகாது. நீக்கத்துக்குத் துணைவேந்தரின் ஒப்புதல் வேண்டும் என்று வரையறையின்றி அதிகாரம் தருவது சிறுபான்மையினர் நிறுவனத்துக்குச் செல்லாது என்பது அதன் போக்கு. எனவே தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்தவுடனே சென்னை உயர் நீதிமன்றத்தில் சிறுபான்மையினர் பள்ளிகளின் மனுக்கள் குவிந்தன. 1975 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, அச்சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தா என்று அறிவித்தது.

அன்று நம் நிருவாகிகள் மகிழ்ந்தார்கள், மகிழத்தக்கதே. தீனியாத் வகுப்பு நடக்கும் பள்ளியில், ஜும்ஆவுக்கு மணி அடிக்கும் பள்ளியில், அதன் இயல்பறிந்த ஆசிரியரை நாமே தேடிக்கொள்ளும் உரிமை சிறிதன்று. ஆனால் அவ்வுரிமை முத்தவல்லிக்கோ தாளாளருக்கோ எழுதிவைக்கப்பட்ட தனிச்சொத்தன்று, சமுதாயத்துக்குத் தரப்பட்டது. நன்கொடை என்ற பெயரால் ஏழைப் பட்டதாரியிடம் பணம் பெற்று இடம் கொடுக்கும் வழக்கம் எங்கெங்கு நுழைந்ததோ அங்கெல்லாம் 30ஆம் பிரிவு வெறும் குடையாய் மாறியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்மேல் மழை படவில்லை, நனைந்தவர் ஆசிரியர். இதை எழுதுவதால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

பின்வந்த காலத்தில் போர்முனை மாறியது. சட்டத்தின் பிரிவுகளைக் காட்டிலும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் வழக்குக்குக் காரணமாயின. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பெறும் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்றாயிற்று. எண்ணூர்ப் பக்கம் குடியிருப்புகள் பெருகிய காலத்தில் அங்கே புதிதாய் எழும் பள்ளி எதுவும் உதவிபெறும் பள்ளியாக இயலாது போனது இதனால்தான். பழைய நகரத்தின் பழைய பள்ளிகளிலோ மாணவர் குறையக் குறைய இடங்கள் உபரியாயின. பிள்ளை இருக்கும் இடத்தில் மானியம் இல்லை. மானியம் இருக்கும் இடத்தில் பிள்ளை இல்லை. 2001 நவம்பரில் அரசுப் பணியிடங்களை நிரப்புவதற்குத் தடை வந்தது; 2006 தொடக்கத்தில் நீங்கிய அத்தடையை உதவிபெறும் பள்ளிகளுக்கும் பொருத்திப் பல கோப்புகள் மறுக்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட இடம், தகுதியுள்ள ஆள், முறையான தெரிவு, இம்மூன்றும் இருக்கையில் சட்டத்தில் இல்லாத ஒரு காரணம் சொல்லி மறுப்பது முறையா என்பதே அவ்வழக்குகளின் சாரம். நீதிமன்றம் பெரும்பாலும் ஆசிரியர் பக்கமே சாய்ந்தது. ஆனால் எப்படிச் சாய்ந்தது? ‘பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபரிசீலனை செய்க’ என்ற ஆணை வரும். அலுவலர் மறுபரிசீலனை செய்து வேறொரு காரணத்தால் மறுப்பார். மீண்டும் மனு, மீண்டும் வக்கீல் கட்டணம். இறுதியில் நியமன நாள் முதலே ஒப்புதல், நிலுவைச் சம்பளம் என்று தீர்ப்பு வரும்போது அவ்வாசிரியரின் மகள் கல்லூரி முடித்திருப்பாள்.

2002 அக்டோபர் 31இல் டி.எம்.ஏ.பை அறக்கட்டளை வழக்கில் பதினொரு நீதிபதிகள் கூடியிருந்து, மானியம் பெறுவதாலேயே சிறுபான்மைத் தன்மை அழிந்துவிடாது என்றார்கள். ஆசிரியர் நலனைக் காக்கும் விதிகளை அரசு வகுக்கலாம் என்றும், அவர்கள் முறையீடு கேட்க மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவரின் தீர்ப்பாயம் வேண்டும் என்றும் கூறினார்கள். எனக்கு இத்தீர்ப்பில் பிடித்த பகுதி அந்தத் தீர்ப்பாயந்தான். 1971இல் மூன்றாமவராய் வெளியே நின்றவர் 2002இல் உள்ளே அழைக்கப்பட்டார்.

அண்மைக் காலத்து வங்காளத்து வழக்குகள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று. கல்கத்தாவின் கால்சா பெண்கள் உயர்நிலைப் பள்ளி தான் அமர்த்திய ஆசிரியைகளுக்கு ஒப்புதல் கேட்டது. பள்ளி ஆய்வாளர் மறுத்தார். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதினர். 2019 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள், அது சீக்கியச் சிறுபான்மையினரின் பள்ளியே, நியமன உரிமை நிருவாகத்துக்கே என்றனர். மூன்றரை மாதந்தான் கழிந்தது. 2020 சனவரி 6இல் காண்டாய் ரஹ்மானியா உயர் மத்ரஸாவின் வழக்கில் இரு நீதிபதிகள், மத்ரஸாக்களுக்கு ஆசிரியர்களை ஓர் ஆணையமே தெரிந்தனுப்பும் என்ற 2008ஆம் ஆண்டு மேற்கு வங்கச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். கல்கத்தா உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியிருந்தது. உலகியல் பாடங்களுக்குத் திறமை மிக்க ஆசிரியர் கிடைப்பது நாட்டு நலன். அதற்காக வகுத்த முறை சிறுபான்மை உரிமையைப் பறிப்பதாகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் காரணம். அந்த ஆணையத்தின் உறுப்பினரில் முஸ்லிம் பண்பாட்டில் ஆழ்ந்த அறிவுடையவர் இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாட்டையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். 1958இன் அரை விடை மறுபடியும் தலைகாட்டியது போலிருந்தது. தேர்வாணையத்தின் பட்டியலுக்கும் இதற்கும் இடையே எத்துணை தூரம்? தகுதியை அரசு வகுக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டியலே அரசுடையதானால், பள்ளிக் குழு கூடுவது தேநீர் பருகுவதற்கு மட்டுமே.

தமிழ்நாட்டில் வழக்கின் கனல் இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வைச் சுற்றி மூண்டது. 2011 நவம்பரின் 181ஆம் எண் அரசாணை அத்தேர்வை ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்க்குக் கட்டாயமாக்கியது. 2012 சூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களுள் நூற்றுக்கு ஒருவரும் தேறவில்லை. தேறியவர் கிடைக்காத நிலையில் பள்ளிகள் பட்டமும் பயிற்சியும் உடையவர்களை நியமித்தன, ஒப்புதல் நின்றது. 2014 மே 6இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் ஐந்து நீதிபதிகள், உதவிபெறுவதாயினும் பெறாததாயினும் சிறுபான்மையினர் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றனர். அதைப் பின்பற்றி 2016இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அச்சட்டத்தின் வழிவந்த தகுதித் தேர்வும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பல கோப்புகள் அதன் பின்னரே அசைந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டமும் ஓய்வு பெற்றது. அதனிடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.

2025 செப்டம்பர் முதல் நாள், மகாராட்டிரத்தின் அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் அறக்கட்டளையின் வழக்கோடு தமிழ்நாட்டு வழக்குகளையும் சேர்த்து நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தவறினால் பணி விட வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் தேர்வின்றித் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் இல்லை. இருபதாண்டு பாடம் நடத்தியவரை மீண்டும் தேர்வு அறைக்குள் அனுப்புவது பற்றி ஆசிரியர் உலகில் எழுந்த கவலை சிறிதன்று. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை அந்நீதிபதிகள் இறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. பிரமதி தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை விரிவாக எழுதி, அதனைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று தலைமை நீதிபதியின் முன் வைத்தனர்.

ஆகவே உதவிபெறும் நம் பள்ளி ஒன்றில் தகுதித் தேர்வு எழுதாமல் நியமனம் பெற்று, 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பலத்தால் ஒப்புதலும் பெற்ற ஓர் ஆசிரியையின் நிலை அந்தப் பெரிய அமர்வின் விடையைப் பொறுத்ததாயிற்று. இந்நிலையில் நிருவாகங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நியமனக் கூட்டத்தின் தீர்மானம், விளம்பரம், நேர்காணல் மதிப்பெண் பட்டியல், பணியில் சேர்ந்த நாளின் வருகைப் பதிவேடு ஆகிய நான்கையும் ஒழுங்காக வைத்திருத்தல் முதலாவது. ஒப்புதல் வழக்குகளில் தோற்ற பள்ளிகள் பல சட்டத்தால் தோற்கவில்லை, தாளால் தோற்றன. ஒப்புதல் வரும்வரை ஆசிரியருக்கு ஊதியம் தர ஜமாஅத்து அளவில் ஒரு நிதி வைத்தல் இரண்டாவது. பள்ளிவாசலுக்குச் சலவைக்கல் பதிக்க ஒரே வெள்ளிக்கிழமையில் பணம் திரட்டும் ஊர்களில் இது அரிய செயலாகாது.

தகுதித் தேர்வுக்கு நம் ஆசிரியைகளை ஆயத்தப்படுத்தும் பயிற்சி மூன்றாவது. வழக்கு எப்படி முடிந்தாலும் அப்பயிற்சி வீணாகாது. மாலை வகுப்பு நடத்த இடத்துக்குக் குறைவில்லை. மக்ரிபுக்குப் பின் மத்ரஸாக் கட்டடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன.